விலையைச் சொல்வது யார்?

திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் நாம் வாங்கிச் சமைக்கும் உப்பங்கழி இறாலில் ஒரு பங்கு, வலையே போடாமல் கையால் தடவிப் பிடித்தது. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் பெண்களின் தொழில் அது. நீர் வற்றும் நேரம் பார்த்துக் கழியில் இறங்குவார்கள். கழுத்து மட்டும் வெளியே தெரியக் குந்தி, இரண்டு கைகளையும் சேற்றின் மேல் படரவிட்டு மெல்ல நகர்வார்கள். விரலில் இறால் பட்டதும், அது துள்ளும் முன் அமுக்கிப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது ஓலையில் முடைந்த சிறு பை. இரண்டு கைகளும் தேடுவதில் இருப்பதால் அதைப் பல்லால் கடித்துத்தான் பிடித்தாக வேண்டும். மணிக்கணக்கில் இப்படியே. கெளுத்தி முள் குத்தும். மட்டி ஓடு பாதத்தைக் கிழிக்கும். கரையில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் அதுதான். எந்தக் கிளையை ஒதுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது கழியில் வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவர்களிடம் ஒன்று மட்டும் இல்லை. பிடித்த இறாலுக்கு என்ன விலை என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இல்லை. ‘சமூகத் தொழில்முனைவு’, ‘பெண்கள் அதிகாரம் பெறுதல்’ என்று கருத்தரங்குகளிலும் அரசு அறிக்கைகளிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தச் சொற்களுக்கு இந்தக் கழிக்கரையில் என்ன பொருள் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில், இருளர் யார்? தமிழகத்தில் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ளவையாக மத்திய அரசு தனியே வகைப்படுத்தியிருக்கும் பழங்குடிகள் ஆறு. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளரும் அதில் அடக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர் 1,89,661 பேர். பழங்குடி என்றதும் நமக்கு மலை நினைவுக்கு வருகிறது. ஆனால் இருளரில் பெரும்பகுதியினர் சமவெளியிலும் கடலோரத்திலும் நம் அருகிலேயே இருக்கிறார்கள். ஏரிக்கரையில், வாய்க்கால் புறம்போக்கில், ஊருக்கு வெளியே நாலைந்து குடிசைகளாக. 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகுதான் பலர் இந்தப் பெயரையே கவனித்தார்கள். அந்தப் படத்துக்கு அடிப்படையான காவல்நிலைய வதை 1993இல் நம் கடலூர் மாவட்டத்து முதனையைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் குடும்பம். படத்தில் இருளராகக் காட்டினார்கள். பொய் வழக்கும் காவல்நிலைய வதையும் இரண்டு சமூகத்தாருக்கும் தெரிந்த அனுபவங்கள். இதே கொடுமைகளை எதிர்த்துத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி 1990களில் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பாதுகாப்பு, கல்வி, சாதிச் சான்று என்று இன்றுவரை வேலை செய்துவருகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். சமூகத் தொழில்முனைவு என்றால் என்ன? ஒரு சமூகத்தின் கஷ்டத்தைத் தீர்ப்பதையே நோக்கமாக வைத்து நடத்தும் தொழில். லாபம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. லாபம் வந்தால்தான் அது அடுத்த வருஷமும் நடக்கும். அந்த லாபம் யாருக்குப் போகிறது, முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் மற்ற தொழில்களிலிருந்து அது வேறுபடுகிறது. நன்கொடை தருபவர் நிறுத்திவிட்டால் தர்மம் நின்றுபோகும். தொழில் ஓடிக்கொண்டிருந்தால் யார் தயவையும் பார்க்க வேண்டாம். வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1983இல் கிராமின் வங்கியைத் தொடங்கி, ஈடு வைக்க எதுவும் இல்லாத பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்தார். 2006இல் அவருக்கும் வங்கிக்குமாக நோபல் பரிசு வந்தது. அந்த வங்கிக்கு முன்பே, 1978இல், சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிருக்கான அமைப்பைத் தொடங்கி, கூடை சுமந்து விற்கும் பெண்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்கும் வேலையில் இறங்கிவிட்டார். நம் ஊர் முன்னோடியை நாம் இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

கழிக்கரைக்கு வருவோம். கடன் என்றதும் வட்டிதான் நினைவுக்கு வரும். இறால் பிடிப்பவர்களிடம் பெரும்பாலும் வட்டி கேட்க மாட்டார்கள். வியாபாரி முன்பணம் கொடுப்பார். அதற்குப் பதிலாக, பிடிப்பதை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முன்பணம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். வெளி விலையைவிடக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்து வியாபாரி எடுத்துக்கொள்கிறார். நாளைக்கு 2 கிலோ, மாதம் 20 நாள். மாதத்துக்கு 2,000 ரூபாய் கைநழுவிப் போகிறது. ஐந்து மாதத்தில் 10,000. அதற்குப் பிறகும் வாங்கிய 10,000 அப்படியே கணக்கில் நிற்கும், ஏனென்றால் இதுவரை போனது எதையும் யாரும் கடனில் கழிக்கவில்லை. ஒரு வருஷத்தில் போவது 24,000 ரூபாய். பழங்குடிப் பெண்களுக்கென்று தேசியப் பட்டியல் பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் வைத்திருக்கும் கடன் திட்டத்தில் வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். அதே 10,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 400 ரூபாய்.

24,000 எங்கே, 400 எங்கே! இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். இருளர் பெண்ணுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க யாரும் வரத் தேவையில்லை. அவளுடைய தொழிலுக்குப் பிடித்திருக்கும் இந்த ஓட்டையை அடைத்தாலே போதும். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் மரம் வெட்டிலும் இதே முன்பணம் இன்னும் கொடிய வடிவம் எடுக்கிறது. குடும்பத்தோடு கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்த வழக்குகள் உண்டு. கொத்தடிமை முறையை 1976லேயே சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் சூளைகளிலிருந்து மீட்கப்படுபவர்களில் இருளர் குடும்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஏற்கெனவே கையில் இருக்கும் தொழில், அதை நடத்தும் ஆளும் விதியும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இருளரிடமிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பிழைப்பு ஒரேயடியாகப் போயிற்று. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்ல வேண்டாம். பிடித்து வந்து, சில வாரம் பானையில் வைத்து நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. உறுப்பினர்களில் பெண்களும் இருக்கிறார்கள். புற்றைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. 2023இல் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதிதான் தீர்மானிக்கிறது. அனுமதி தாமதமானால் வருமானமும் தாமதம். கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடாது.

பெண்கள் தாங்களே நடத்தும் அமைப்புக்கு உதாரணம், செங்கல்பட்டுப் பகுதியில் தண்டரையில் 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம். மூலிகை அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. செடிகளை வளர்க்க நாற்றங்கால் போட்டு, மருந்தும் தைலமும் செய்து, தங்கள் பெயரிலேயே விற்றார்கள். பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்கு வருமானமாயிற்று.

இன்னொரு கதை எலியைப் பற்றியது. வயலில் எலி பிடிப்பது இருளரின் பழைய வேலை. வளையிலிருந்து மீட்கும் நெல்லும் அவர்களுக்குச் சோறு. மண்பானையில் வைக்கோலைப் புகையவைத்து, பானையில் இருக்கும் ஓட்டையில் வாய் வைத்து ஊதி, புகையை வளைக்குள் செலுத்துவார்கள். உதடு வெந்துபோகும், நெஞ்சுக்குள் புகை இறங்கும். சேது சேதுநாராயணன் என்பவரின் அமைப்பு, கையால் சுற்றும் இரும்புப் புகைபோடும் கருவி ஒன்றை உருவாக்கியது. 2003இல் உலக வங்கி நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. எலி பிடிப்பவர் வாயால் ஊதத் தேவை இல்லாமல் போயிற்று. கருவியைச் செய்யும் பட்டறையில் இருளர் பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, சைக்கிள் பட்டறையில் செய்யக்கூடியதுதான். வேலை செய்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் வந்தது.

அப்படிப் பார்க்காமல் செய்வதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். பழங்குடிப் பெண்கள் என்றதும் பினாயில் தயாரிப்பு, மெழுகுவத்தி, சாம்பிராணி என்று மூன்று நாள் பயிற்சி. முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம். கழியில் வாழும் பெண் பினாயிலை யாரிடம் விற்பாள்? அவளிடம் ஏற்கெனவே விலைபோகும் சரக்கு இருக்கிறது. அவளுக்கு வேண்டியவை ஐஸ் பெட்டி, தராசு, நாலு பேராகச் சேர்ந்து டவுனுக்குச் சரக்கு கொண்டுபோக ஒரு வண்டி. ஐஸ் பெட்டியின் அருமை வாங்குகிற நமக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் இறால் மதியத்துக்குள் கெட்டுவிடும். கெட்டுவிடும் என்பதால் கரையில் நிற்பவர் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். சரக்கை ஒரு நாள் தாங்கவைக்க முடிந்தால்தான் ‘இந்த விலைக்குத் தர மாட்டேன்’ என்று சொல்ல முடியும்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் தொடங்கி, மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது இந்த முறை. லட்சக்கணக்கான குடும்பங்களை வட்டிக்கடையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அமைப்பு ஒரே ஊரில் நிலையாக இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. மாதச் சந்தா, தவறாத கூட்டம், பத்துப் பன்னிரண்டு பேர், வங்கிக் கணக்கு, கையெழுத்து. நாலைந்து குடிசை இருக்கும் இடத்தில் பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? கரும்பு வெட்டுக்கு மூன்று மாதம் குடும்பத்தோடு போய்விட்டால் கூட்டத்துக்கு வருவது யார்? கடினமான பகுதிகளில் ஐந்து பேர் சேர்ந்தாலே குழு தொடங்கலாம் என்று ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதியில் இடம் இருக்கிறது. சந்தாவை மாதத்துக்குப் பதில் வாரம் அல்லது தினம் வாங்கினால் அன்றாடங்காய்ச்சிக்குச் சுலபம். விதி இருந்தும் அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததே பெரிய தடை.

அதைவிடப் பெரிய தடை ஒரு காகிதம். சாதிச் சான்று. மற்ற சமூகத்தாருக்குத் தாசில்தார் அலுவலகத்திலேயே கொடுத்துவிடுவார்கள். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் கொடுக்க வேண்டும். போலிகள் நுழையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. நடைமுறையில், விசாரணையில் கேட்கும் முதல் கேள்வி: அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா? அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, தாத்தா பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வாங்கினால்தான் இருக்கும், இருந்தால்தான் கொடுப்போம் என்பது எந்த ஊர் நியாயம்? அந்தச் சான்று இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன 4 சதவீதக் கடன் கிடையாது, தாட்கோ மானியம் கிடையாது, பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. தொழில்முனைவு வகுப்பில் முதல் பாடமாக இதைத்தான் வைக்க வேண்டும்.

எல்லை தாண்டினால் இது இன்னும் விசித்திரமாக இருந்தது. கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை. அங்கிருக்கும் இருளர்கள், வில்லியர் என்றும் அழைக்கப்படுபவர்கள், 2016 டிசம்பர் வரை பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. அதுவரை, அக்காவைக் கடலூர்ப் பக்கமும் தங்கையை அந்தப் பக்கமும் கட்டிக்கொடுத்திருந்தால், அக்கா பிள்ளை பழங்குடி, தங்கை பிள்ளை அப்படி இல்லை என்றுதான் இருந்தது.

கடைசியாக ஒன்று, நீரின் மேல் உரிமை. பிச்சாவரம் அலையாத்திக் காடு வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்தது. 2022இல் உலக முக்கியத்துவம் கொண்ட ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுலா வருபவர்களுக்குப் படகுச் சவாரி. இருளர் பெண்களுக்கு வேலைக்களம். 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, மீன்முள் போல வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை உள்ளே வரவழைத்து, பட்டுப்போன காட்டை மீட்டது. அந்தப் பணியில் கிள்ளை எம்.ஜி.ஆர். நகர் இருளர் குடியிருப்பும் சேர்க்கப்பட்டது; சாதிச் சான்று வாங்கித் தருவது அங்கும் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 2004 சுனாமியில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் சேதம் குறைந்து தப்பின. ஆனால் நிவாரணம் கொடுக்கும்போது மீனவர் பட்டியலைக் கையில் வைத்துக் கொடுத்ததால், கடலோரத்தில் பல இடங்களில் இருளர் விடுபட்டுப் போனார்கள். மீன் பிடிக்கிறார்கள், ஆனால் மீனவர் இல்லை என்றார்கள். 2006 வன உரிமைச் சட்டம், காட்டுக்குள் உள்ள நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் சமூக உரிமையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெற்ற கிராமசபைகள்தாம் இங்கே அரிது.

நீலகிரியில் என்ன நடந்தது என்று பார்த்தால் நம்பிக்கை வருகிறது. கோத்தகிரியில் 2013இல் பதிவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர்களே பழங்குடி மக்கள்தாம். இருளரும் குறும்பரும் அதில் உண்டு. தேனையும் காட்டு விளைபொருளையும் அப்படியே விற்காமல், சுத்தம் செய்து, அடைத்து, மதிப்பைக் கூட்டி விற்கிறார்கள். 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. தோடர் பெண்களின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தது. இயந்திரத்தில் அச்சடித்த துணியைத் தோடர் வேலை என்று விற்பவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்த அதனால் வழி பிறந்தது. மலையில் முடிந்தது கழிக்கரையில் முடியாதா? முடியும். கையால் பிடித்த இறாலுக்கு வலைக்கண்ணியின் நசுக்கல் இருக்காது, குஞ்சு குறுமீன் சாகாது. நல்ல சமையல்காரர் இதைத் தெரிந்துகொண்டால் கூடுதல் விலை கொடுப்பார். அதைச் சொல்லி விற்க அவர்களுக்கென்று ஒரு நிறுவனம் வேண்டும்.

காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு கிள்ளைப் பேரூராட்சியின் தலைவர் நாற்காலியில் இருளர் பெண் ஒருவர் அமர்ந்தார். 2023 நவம்பர் 15 அன்று மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் இருளர் போன்ற பழங்குடிகளுக்கு வீடு, சாலை, மின்சாரத்தோடு, விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்கும் வன் தன் மையங்களுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறது. 2024 பட்ஜெட்டில் தமிழக அரசு பழங்குடியினருக்கான ‘தொல்குடி’ திட்டத்தை நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாயில் அறிவித்தது. பணம் இருக்கிறது. அது வீட்டுச் சுவரோடு நிற்காமல் ஐஸ் பெட்டிக்கும் தராசுக்கும் வந்து சேர வேண்டும்.

இதைப் படிக்கும் கடலூர், சிதம்பரம் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் குடும்பம் இருந்தால், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிய உடன் போங்கள்; விசாரணைக்கு அழைக்கும் நாளில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூடவே போங்கள். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மூன்று ஊரிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தக் கவுண்டரில் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.